எஞ்சி நிற்கும் கல்

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. புதிதாகக் கைக்கு வந்த நிலத்தில் என்ன விளைகிறது, என்ன கிடைக்கிறது, மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று கணக்கெடுத்துவர கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி ஒரு மருத்துவரை அனுப்பினார். பிரான்சிஸ் புக்கானன் என்னும் அந்த ஸ்காட்லாந்துக்காரர் 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், மலபார், கன்னடக் கடற்கரை எனச் சுற்றினார். அவரது பயணக் குறிப்புகள் 1807இல் மூன்று தொகுதிகளாக வந்தன. மிளகு விலை, நெல் வகை, சாதிப் பெயர், வரி விகிதம் என்று நிரம்பிய அந்த நூலில், இன்றைய மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புரம் வரும் இடத்தில், ஒரு கல்லைப் பற்றிய பத்தி உண்டு. பூமியியல் வரலாற்றில் நிலைத்துவிட்ட பத்தி அது.

அடுக்கு எதுவுமின்றிப் பெரும் திரளாகக் கிடக்கும் கல், உடம்பெல்லாம் துளை, சிவப்பும் மஞ்சளுமாய் இரும்புக்காவி. மண்ணுக்குள் இருக்கும்வரை இரும்புக் கருவியால் எளிதாக வெட்டலாம். வெட்டியெடுத்துக் காற்றில் வைத்தால் சில நாட்களில் செங்கல்லைப்போல் இறுகிவிடும், மழைக்கும் அசையாது. இப்படி விவரித்துவிட்டு, செங்கல் வடிவில் வெட்டப்படுவதால் இந்நாட்டு மொழிகள் சிலவற்றில் இதை ‘இட்டிகைக் கல்’ என்கிறார்கள் என்று புக்கானன் பதிவு செய்கிறார். பிறகு, லத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் ‘லேட்டர்’ என்ற சொல்லிலிருந்து ‘லேட்டரைட்’ என்று ஒரு பெயரை முன்மொழிகிறார்.

மொழியியலில் இதற்குக் கடன்மொழிபெயர்ப்பு என்று பெயர். ஒலியை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் வாங்கிக்கொள்வது. மலையாள, கன்னட, தெலுங்கு மொழிகளில் இட்டிக, இட்டிகெ, இடுக என்று வழங்கும் சொல்லே பழந்தமிழில் இட்டிகை. வடமொழி இஷ்டகாவோடு உறவுடையது. மலபாரில் கல்வெட்டிப் பிழைத்தவர்களின் வாய்ச்சொல் லத்தீன் உடை உடுத்திக்கொண்டு பிரேசில், ஆஸ்திரேலியா, காங்கோ வரை போய், இன்று எந்தக் கல்லூரிப் பாடநூலைத் திறந்தாலும் நிற்கிறது. புக்கானன் பெயர் அதன் அருகில் இருக்கிறது. ‘இட்டிகைக் கல்’ பெரும்பாலான பாடநூல்களில் இல்லை. அவர் தம் மூலத்தை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விட்டுவிட்டவர்கள் பின்னால் வந்தவர்கள்.

பெயர்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். மலையாளத்தில் வெட்டுக்கல்லு, செங்கல்லு. கன்னடத்தில் ஜம்பிட்டிகெ, அதிலும் செங்கல் ஒளிந்திருக்கிறது. மராத்தியில் ஜாம்பா. புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கம் செம்பூரான்கல், செம்புரைக்கல். புரை என்றால் துளை. நிறம், துளை, வெட்டும் தன்மை, பயன் என்று ஒவ்வொரு மொழியும் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இக்கல் எப்படி உண்டானது என்பதை எந்தப் பெயரும் சொல்லவில்லை, புக்கானனின் பெயர் உட்பட. அதனால்தான் ‘எது லேட்டரைட், எது இல்லை’ என்ற வழக்கு பூமியியலாளர்களிடையே இரு நூற்றாண்டுகளாக முடியாமல் கிடக்கிறது.

உண்டான கதையைச் சொல்லத் தமிழில் இரண்டு சொற்கள் தேவை. அவ்விரண்டையும் நாளிதழ்கள் ஒன்றாகக் குழப்பிவிட்டன. ஒன்று சிதைவு, மற்றது அரிப்பு. பாறை இருந்த இடத்திலேயே நொய்ந்து, வேறொன்றாக மாறுவது சிதைவு. அங்கே எதுவும் இடம்பெயர வேண்டியதில்லை. சிதைந்ததை நீரோ காற்றோ பனியாறோ எடுத்துச் செல்வது அரிப்பு. முதலாவது வேதியியல் சார்ந்த காரியம், இரண்டாவது பெரும்பாலும் சுமைகூலி. கடலூரில் கரை கரைந்தாலும், இமயத்தில் சரிவு இறங்கினாலும், கோயில் தூண் பொரிந்தாலும் ‘மண் அரிப்பு’ என்றே தலைப்பு வருவது வழக்கமாகிவிட்டது. வேகங்கள் வேறு, காரணங்கள் வேறு, பரிகாரங்களும் வேறு.

ஆனால் ‘அரி’ என்ற வினை மட்டும் ஒரு நுட்பத்தைத் தனக்குள் வைத்திருக்கிறது. கரையான் அரிக்கும், துரு அரிக்கும்; வீட்டில் அரிசியையும் அரிப்பார்கள். பாத்திரத்தில் நீர் ஊற்றி அலைத்து அலைத்து ஊற்றும்போது அரிசி நீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போய்விடும். கல் அடியில் தங்கும். செம்புரைக்கல் அப்படி அடியில் தங்கிய கல். அலைப்பது பருவமழை, பாத்திரம் தீபகற்பம்.

நடப்பது இதுதான். மழைத்துளி காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக இறங்குகிறது. மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சு அதன் புளிப்பை இன்னும் கூட்டுகிறது. இந்த நீர் பாறையின் விரிசல்களில் ஊறும்போது, ஃபெல்ஸ்பார் போன்ற தாதுக்களில் உள்ள சோடியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவை முதலில் கரைந்து ஓடுகின்றன. சிலிக்காவின் ஒரு பங்கும் அவற்றைத் தொடர்கிறது. அலுமினியம் எளிதில் கரையாது; எஞ்சிய சிலிக்காவோடு கூடிக் கயோலின் என்னும் வெள்ளைக் களிமண்ணாகிறது. மழை விடாமல் பெய்து, வெப்பமும் தணியாமல் இருந்தால், அந்தக் களிமண்ணிலிருந்தும் சிலிக்கா வெளியேறி அலுமினிய ஹைட்ராக்சைடு மட்டும் மிஞ்சும். கருநிறத் தாதுக்களுக்குள் அடங்கியிருந்த இரும்பு, ஆக்சிஜன் பட்டதும் துருவாகி அங்கேயே நின்றுவிடும். போனதெல்லாம் ஆற்றோடு கடலுக்கு. கரையாதவை மட்டும் இங்கே.

பருவம் மாறிவருவது இதில் முக்கியம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் ஏறும்போது ஆக்சிஜன் குறைந்த நீரில் இரும்பு சிறிது நகர்கிறது. கோடையில் மட்டம் இறங்கும்போது நகர்ந்த இடத்தில் துருவாகப் படிகிறது. ஏற்றமும் இறக்கமும் பல்லாயிரம் ஆண்டுகள் திரும்பத் திரும்ப நிகழ, களிமண்ணுக்கு நடுவே இரும்பு வலைபோலப் பின்னி இறுகுகிறது. வலைக்கண்களில் இருந்த மென்மண் கழுவிப்போனால் துளை. வெட்டிக் காயவைத்தால் இறுகுவதற்கும் இந்த இரும்புதான் காரணம்: ஈரம் வெளியேறி, இரும்பு ஆக்சைடு படிகமாகக் கெட்டிப்படுகிறது.

கேரளத்தில் புதிதாகச் சாலை வெட்டிய சரிவு ஒன்றின் முன் நின்று மேலிருந்து கீழாகப் பார்த்தால் இக்கதை முழுதும் தெரியும். உச்சியில் செம்பழுப்புத் தொப்பி. அதன்கீழ் வெட்டுக்கல்லாகப் பயன்படும் துளைக்கல். பிறகு சிவப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்த மண். அடுத்து வெளுத்த களிமண். அதற்கும் கீழே விந்தையான ஓர் அடுக்கு: பாறையின் கோடுகள், மடிப்புகள், தாது வரிசை எல்லாம் அப்படியே இருக்கும், விரலால் அழுத்தினால் பொடியும். உருவம் பாறை, உடல் மண். சிதைவு என்பது இடம்பெயராமல் நிகழ்வது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

1877இல் அமெரிக்காவின் ஹென்றி மலைகளைப் பற்றி எழுதிய ஜி. கே. கில்பர்ட் கண்ட உறவு இங்கே கைகொடுக்கும். சிதைவு முந்தினால் நிலம் மண் போர்த்திக்கொள்ளும். அரிப்பு முந்தினால் பாறை அம்மணமாக நிற்கும். இமயத்தின் செங்குத்துச் சரிவுகளில் பாறை முழுதாகச் சிதைய அவகாசமே இல்லை, உடைந்த கையோடு ஆறு அள்ளிப் போய்விடுகிறது. பழைய, அமைதியான, அதிகம் சாய்வில்லாத தீபகற்பத்தில் பல இடங்களில் சிதைவுக்கு நேரம் கிடைத்தது. கர்நாடகத்தின் சந்தூர் மலையில் சிதைவால் உண்டான மாங்கனீசுத் தாதுக்களை ஆர்கான் முறையில் காலம் கணித்தபோது சுமார் 3 கோடி ஆண்டு அளவிலான வயது கிடைத்தது. மனிதர்கள் வாங்கிவிற்கும் எந்தச் செங்கல்லும் இவ்வளவு பொறுமையாகச் சுடப்பட்டதில்லை.

இறுகிய பின்னும் கல் சிதைவிலிருந்து தப்பிவிடவில்லை. பழைய கோவாவில் 1605இல் கட்டி முடிந்த போம் ஜேசு பேராலயம் பெரும்பாலும் செம்புரைக்கல்லால் ஆனது. அதைக் கட்டியவர்கள் மேலே சுண்ணாம்புப் பூச்சும் பூசியிருந்தார்கள். 1950களில் போர்ச்சுகீசிய அரசின் மீட்டமைப்பாளர்கள், பழமைத் தோற்றம் வேண்டுமென்று அந்தப் பூச்சை உரித்தார்கள். சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் செந்நிறச் சுவர் அப்படி வந்தது. அதன்பின் ஒவ்வொரு பருவமழையும் நேராகக் கல்லின் துளைகளில் இறங்குகிறது. மீண்டும் பூசலாமா கூடாதா என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. பூசிய கொத்தர்களுக்குக் கல்லின் குணம் தெரிந்திருந்தது. உரித்தவர்களுக்கு நிறம் பிடித்திருந்தது. இந்த வழக்கில் கொத்தர்கள் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது.

துளைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. காசர்கோட்டிலும் தென்கன்னடத்திலும் குன்றின் பக்கவாட்டில் ஓர் ஆள் நுழையும் அகலத்தில் கிடைமட்டமாகக் குடைந்துகொண்டே போய், கசியும் நீரை வாய்க்கால் வழியே வெளியே கொண்டுவருகிறார்கள். சுரங்கம் என்பார்கள். மின்விசை வேண்டாம், கயிறு வேண்டாம். நீர் தானே நடந்து வரும். மழைக்காலத்தில் குன்றின் உச்சித் தொப்பி குடித்த நீர் கோடையில் இங்கே சொட்டுகிறது. வெட்டுக்கல் எளிதில் குடையக்கூடியது, குடைந்தபின் தாங்கி நிற்கக்கூடியது என்பதால் மட்டுமே இந்த நுட்பம் சாத்தியமாயிற்று. குன்றின் தொப்பியைக் கல்லுக்காக வெட்டி எடுத்துவிட்டால் கீழே உள்ள சுரங்கத்துக்கு என்ன ஆகும் என்பதற்குத் தனி ஆய்வு தேவையில்லை.

தொப்பி என்று சொல்வது உவமைக்காக மட்டும் அல்ல. மகாராஷ்டிரத்துப் பஞ்சகனியில், கடல் மட்டத்துக்குச் சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், மேசை போலத் தட்டையான மலையுச்சி ஒன்று இருக்கிறது. கீழே சுமார் 6.6 கோடி ஆண்டு வயதான தக்காணத்து எரிமலைப் பாறை, மேலே செம்புரைக்கல். ஒரு காலத்தில் மேற்குத் தொடர்ச்சி முழுவதையும் மூடியிருந்த பரந்த சிதைவுத் தளத்தின் மிச்சமே இந்த மேசைகள் என்பது மைக் விட்டோசன் போன்றோரின் வாசிப்பு. 2008இல் கிளிஃப் ஆலியரும் ஹேது சேத்தும் இதைத் தலைகீழாக்கினார்கள். சுற்றுமேட்டிலிருந்து நீர் கொண்டுவந்த இரும்பு பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் படிந்து இறுகியது. பிறகு இறுகாத மேடுகள் அரிக்கப்பட்டுத் தாழ்ந்தன. இறுகிய பள்ளம் அரிப்புக்கு அடங்காமல் உச்சியாக நின்றுவிட்டது என்பது அவர்கள் வாதம். அதாவது பஞ்சகனியின் மேசை ஒரு காலத்தில் ஆற்றுப்படுகை. எது சரி என்பது ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனியே தீர்க்கப்பட வேண்டியதாக இருக்கலாம். ஆனால் இரு வாதங்களும் ஒன்றில் உடன்படுகின்றன: மலையின் வடிவத்தைக் காப்பது அந்த மேல்தோல். அது போனால் அரிப்பின் கணக்கு வேறு.

அருகிலுள்ள காஸ் பீடபூமியில், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அந்தத் தோலின்மேல் பூக்கள் விரியும். அவற்றுக்கிடையே பூச்சியுண்ணும் செடிகளும் உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போன நிலத்தில் தழைச்சத்துக்குச் செடி பூச்சியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

கிழக்கே ஒடிசாவில் இதே வேதியியல் இன்னொரு வகையில் முடிகிறது. அங்குள்ள அடிப்பாறையில் அலுமினியம் மிகுதி. சிலிக்கா கழுவப்பட்டபின் மலையுச்சிகளில் தங்கியது பாக்சைட், அலுமினியத்தின் தாது. அந்த அடிப்பாறைக்கு டி. எல். வாக்கர் 1902இல் வைத்த பெயர் கோண்டலைட். அங்கு வாழும் கோண்டு மக்களின் பெயரால். (ஜாப் சார்னக்கின் கல்கத்தாக் கல்லறைக் கல்லைப் பார்த்து, பல்லாவரத்துப் பாறைக்கு ‘சார்னகைட்’ என்று ஹாலந்து பெயரிட்டது அதற்குச் சற்று முன்பு. ஒரு கம்பெனி முகவருக்கு ஒரு பாறை, ஓர் இனத்துக்கு ஒரு பாறை.) நியமகிரி மலையின் டோங்ரியா கோண்டுகள் பேசுவது குவி, திராவிடக் குடும்பத்து மொழி. மலையை அவர்கள் நியமராஜா என்று வணங்குகிறார்கள். உச்சியை உடைக்கலாகாது என்கிறார்கள். அந்த உச்சியில்தான் பாக்சைட் இருக்கிறது. அதுவும் துளைநிறைந்த தொப்பியே. மழையைக் குடித்து ஓடைகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுப்பது. வம்சதாரா ஆறு பிறப்பது அந்தப் பகுதியில்.

2013 ஏப்ரல் 18 அன்று உச்சநீதிமன்றம், அங்கே சுரங்கம் தோண்டலாமா என்பதைக் கிராம சபைகள் கூடி முடிவு செய்யட்டும் என்றது. 12 கிராம சபைகள் கூடின. 12ம் வேண்டாம் என்றன. இது சமய உரிமை சார்ந்த தீர்ப்பாகவே சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது, சரிதான். நிலவியல் மாணவர்களும் இதைப் படிக்கலாம். ‘உச்சி புனிதமானது’ என்ற நம்பிக்கையும் ‘மேல்தோல் போனால் நீர் போகும், நீர் போனால் சரிவு போகும்’ என்ற அறிவும் ஒரே இடத்தைச் சுட்டுவது தற்செயலா என்று கேட்டுப் பார்க்கலாம். விடை எதுவானாலும் கேள்வி வீண் அல்ல.

நியமகிரிக்குக் கிடைத்த பெயரும் புகழும் எல்லாச் செம்புரை நிலத்துக்கும் கிடைப்பதில்லை. கொங்கண் கடற்கரையில் இத்தகைய தட்டை மேடுகளைச் சடா என்பார்கள். மரமில்லை, உழ மண்ணில்லை. எனவே நிலப்பயன்பாட்டு வரைபடங்களில் இவை பல இடங்களில் ‘தரிசு’ என்ற வகைக்குள் விழுகின்றன. இந்த ஒரு சொல்லின் விளைவு பெரிது. தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தை எடுப்பதற்குத் தயக்கம் குறைவு, ஈடு குறைவு, கேள்வியும் குறைவு. புக்கானனுக்கு இது செங்கல். சுரங்கத் துறைக்குத் தாது. வரைபடத்துக்கு ஒன்றும் இல்லாத இடம். மூன்றும் பயனை வைத்து இட்ட பெயர்கள். மூன்றாவது, பயன் தெரியாததை வைத்து இட்ட பெயர். தொப்பியைப் பெயர்த்தெடுத்தால் வெளியே வருவது அந்த வெளுத்த களிமண். அதற்கு இரும்பின் பிணைப்பு இல்லை. கோடி ஆண்டுகள் சிதைவு செய்து வைத்த வேலையை எடுத்துப்போக அரிப்புக்குச் சில மழைக்காலங்கள் போதும். கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குழிகளில் முதல் மழைக்குத் தேங்கும் நீரின் கலங்கல் அதைத்தான் காட்டுகிறது.

ரத்தினகிரி மாவட்டத்துச் சடாக்களின்மேல், இறுகிய தோலில், யானை, மீன், புலி, மனித உருவங்கள் பெரிய அளவில் செதுக்கப்பட்டிருக்கின்றன. காஷேளியில் உள்ள யானையின் நீளம் சுமார் 18 மீட்டர். காலம் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை. கொங்கணத்தின் இந்த நிலச்செதுக்கல்கள் 2022இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றுள் பார்சு என்ற இடமும் ஒன்று. 2023 ஏப்ரலில் அதே பார்சுவில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கான மண் பரிசோதனைக்குத் துளையிட வந்தபோது ஊர்மக்கள் சடாவில் போய் உட்கார்ந்தார்கள். செதுக்கல்களுக்கு மராத்தியில் காதளசில்பம் என்று பெயர். காதள் என்றால் விரிந்து கிடக்கும் பாறைத்தளம்.